மினுமினுப்பு இல்லாத பந்து

மூன்றாவது தடவையாக அந்தக் குக்கரைக் கவிழ்த்துப் பார்க்கிறார் திரிபுரசுந்தரி. அடிப்பாகத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறார். பிறகு காதோரம் தூக்கிப் பிடித்து, விரல் கணுவால் தட்டி, ஓசை அடங்கும்வரை கண்ணை மூடிக்கொள்கிறார். மட்டாஞ்சேரியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அபிராம் கல்லாவில் இருந்தபடியே, "மாமீ, கழிஞ்ஞ மாசவும் இதுதன்னெயல்லே நோக்கியது?" என்கிறான். போன மாதமும் இதே குக்கரைத்தான் பார்த்தார். மாமிக்கு அதில் கூச்சம் ஒன்றும் இல்லை. "பாத்தேன். அன்னிக்கு நல்ல மழைக்காறு. வெளிச்சம் போறல்லை, கேட்டியா" என்று சொல்லிவிட்டுக் குக்கரை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டு வெளியே வருகிறார்.

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்க அவருக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பிடித்தன. தக்காளியைக்கூட முதல் கடையில் வாங்கியது கிடையாது. "கல்யாணத்துக்கு மாத்திரம் ஒரே நாள்லே சம்மதிச்சா. அது எதனாலேன்னு இன்னிவரைக்கும் நேக்குத் தெரியல்லை" என்று அவருடைய கணவர் அனந்தநாராயணன் என்னிடம் ஒருமுறை சொன்னார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசாதவர். மனைவி போகும் இடமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன்.

மாமிக்கு ஐம்பத்தாறு வயது. நாலு தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கப்பல் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் தமிழ்தான் பேசுவார். ஆனால் கைப்பேசியில் அந்தத் தமிழையே மலையாள எழுத்தில்தான் அடிப்பார். ஆபீஸ் முழுக்க அவருக்குப் பயப்படும். சரக்குப் பெட்டியின் எண்ணை மற்றவர்கள் ஒரு தடவை சரிபார்த்தால், அவர் சரிபார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் சரிபார்ப்பார்.

இப்படிப்பட்டவர் பௌலிங் ஆடுகிறார் என்று சொன்னால் எல்லோரும் கிரிக்கெட் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். இது வேறு பௌலிங். நீளமான பலகைத் தடத்தின் கோடியில் பாட்டில் வடிவத்தில் பத்து பின்கள் நிற்கும். மூன்று துளைகளில் விரல் விட்டுக் கனமான பந்தைத் தூக்கி உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். பத்து வருஷம் முன்பு ஆபீஸ்காரர்கள் எர்ணாகுளத்து மால் ஒன்றின் மேல்மாடிக்கு உல்லாசமாகப் போனபோது மாமியின் முதல் பந்து தடத்தின் ஓரமாக ஓடும் பள்ளமான கால்வாயில் விழுந்தது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மாமி மட்டும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த வாரம் சுடிதார் தைக்கக் கொடுத்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் போர்ட் கொச்சிப் படகில் பந்துப் பையோடு அவரையும் அவர் கணவரையும் பார்க்கலாம்.

மாநில அணிக்கான தேர்வில் இரண்டு முறை ஆடியிருக்கிறார். இரண்டு முறையும் மயிரிழையில் நழுவிப்போனது. இந்த வருஷம் அவருடைய விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கிவிட்டன. அடுத்த வருஷம் இந்தக் கனத்தைத் தூக்க முடியுமா என்று தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாமி வெளியே வந்து, "அப்போ இந்த வருஷமாக்கும்" என்றார். அவ்வளவுதான்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. தடங்களில் இந்தமுறை எண்ணெய் கனமாகப் பூசப்படும்.

எண்ணெய் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தடத்தின் முன்பகுதியில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. பந்து அதில் வழுக்கிப் போய், எண்ணெய் முடிகிற இடத்தில் பலகையைப் பற்றி, வளைந்து, முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே பாய வேண்டும். அப்போதுதான் பத்தும் சாயும். எண்ணெய் அதிகமானால் பந்து பற்றாது. வளைய வேண்டிய இடத்தைத் தாண்டி நேராகப் போய்விடும். இளம் வயதுக்காரர்கள் மணிக்கட்டைச் சுழற்றி வீசி எப்படியாவது வளைத்துவிடுவார்கள். மாமியின் கைக்கு அந்தச் சுழற்சி கிடையாது. அவருக்காகப் பந்துதான் வளைய வேண்டும்.

கனமான எண்ணெயில் தன் பழைய பந்தை உருட்டிப் பார்த்தார். சாதாரண பிளாஸ்டிக் பந்து அது. ஈரத் தரையில் சோப்புக்கட்டி போவதுபோலப் போயிற்று. பத்து தடவை உருட்டியும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. படகில் திரும்பும்போது மாமி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். "புதுசு வேணும்" என்றார் கடைசியில். "எண்ணெயிலே கடிக்கற பந்து. நம்ம கைக்கு எட்டற விலைக்கு."

தடங்களுக்குப் பக்கத்திலேயே பந்துகளுக்குத் துளை போடும் சின்ன அறை இருக்கிறது. தென்காசிப் பக்கத்து நல்லசிவம் அதை நடத்துகிறார். ஒவ்வொருவர் கைக்கும் அளவெடுத்துத் துளை போட்டுத் தருவார். எண்ணெய்க்கென்றே செய்த புதுப் பந்துகள் மாமியின் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டன. அவற்றைத் தொடாமலே ஒதுக்கிவிட்டார். மிஞ்சியவை இரண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

ஒன்று நீலத்தில் முத்துப்போல ஜொலிக்கிற பந்து. "டப்பா பிரிக்காதது மாமி. போன வருச மாடல்ங்கதால விலையை இறக்கிட்டான். கண்ணை மூடிட்டு எடுங்க" என்றார் நல்லசிவம்.

இன்னொன்று கருஞ்சிவப்பு. மினுமினுப்பே இல்லை. அம்மிக்கல்லைத் தடவுவதுபோல இருந்தது. காக்கநாட்டில் வேலை பார்த்த ரோஹன் என்பவன் கனடா போகும்போது விற்கச் சொல்லிவிட்டுப் போனது. ஒரு காலத்தில் விலை உயர்ந்த பந்து. கட்டைவிரல் துளையின் ஓரத்திலிருந்து ஒரு மயிர்க்கோடு கிளம்பி, பந்தில் பொறித்திருந்த பெயரின் முதல் எழுத்துக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது.

மாமி மூன்று நாள் மாலை அங்கே போனார். இரண்டு பந்துகளையும் ஜன்னல் வெளிச்சத்திலும் குழல்விளக்கிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் நல்லசிவம் பொறுமை இழந்துவிட்டார்.

"மாமி, புதுசு இருக்கும்போது பழசுக்கு ஏன் ஆசைப்படுதிய? நீலத்துக்கு என்ன கொறச்சல்?"

"மினுக்கம்தான் கொறச்சல். பளபளன்னு இருக்கற பந்து எண்ணெயிலே வழுக்கிண்டு போயிடும். நன்னாத் தேச்சு அந்த மினுக்கத்தை எடுத்தாலாவது கொஞ்சம் பிடிக்கும். ஆனா இந்தச் சோப்பு இருக்கே, இது பொறப்புலேயே கடிக்கறதாக்கும்." பாலக்காட்டுக்காரர்களுக்குச் சோப்பு என்றால் சிவப்பு. "உள்ளே இருக்கற கனமும் அதுக்குன்னே வெச்சிருக்கு. என் கை சுழட்டாட்டாலும் இது சுழலும்."

"அந்தக் கோடு?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கறேன். கீறலா, வெடிப்பா?"

நல்லசிவம் பந்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "கீறல்னுதான் தோணுது. வெயில்ல கார் டிக்கியில கிடந்த பந்துன்னா உள்ளுக்குள்ள விட்டிருக்கவும் செய்யும். பழைய துளையை அடைச்சு உங்க கைக்குப் போட்டுத் தாரேன். ஆனா உறுதி சொல்ல மாட்டேன் மாமி. பொறவு என்னைச் சொல்லப்படாது."

அறை வாசலில் பெஞ்சில் ஒரு பெண் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். சங்கரி. தேனிப் பக்கத்திலிருந்து எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வியாபாரத்துக்கு வந்த குடும்பத்துப் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். பெண்கள் அணியில் ஐந்து இடம். நான்கு பேர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது இடம் மாமிக்கா சங்கரிக்கா என்பதுதான் கேள்வி. அதனாலேயே கொஞ்ச நாளாக இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நாடாவைக் கட்டி முடிக்க அன்று வழக்கத்தைவிட நேரமானது.

மாமி சிவப்புப் பந்தை எடுத்துக்கொண்டார். உறுதி இல்லாத ஒரு பொருளை அவர் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே நீலப் பந்தைச் சங்கரி வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

சிவப்புப் பந்து பழைய ஆட்டங்களில் குடித்திருந்த எண்ணெயைக் கக்க வைக்க வேண்டும். துளைகளை டேப் ஒட்டி மூடி, பாயசம் வைக்கிற உருளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கிற திரவத்தை விட்டு, அதில் பந்தைப் போட்டார் மாமி. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. "இனிமே இந்த உருளியிலே நேக்குப் பாயசம் வேண்டாம்" என்றார் அனந்தநாராயணன். மாமி காதில் வாங்கவில்லை. பந்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். எழுத்துக்கு முன்னால், அதே இடத்தில்தான் நின்றிருந்தது.

தேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். படகில் மாமி பையின் ஜிப்பை இரண்டு தடவை திறந்து மூடினார்.

ஆறு ஆட்டங்கள். அத்தனையின் கூட்டுத்தொகைதான் கணக்கு. மாமிக்கும் சங்கரிக்கும் அடுத்தடுத்த தடம் விழுந்தது. சங்கரி பையிலிருந்து நீலப் பந்தை எடுத்தபோது மாமியின் பார்வை அதில் ஒரு கணம் நின்றது. அந்தப் பந்து மினுங்கவில்லை. யாரோ அதை நன்றாகத் தேய்த்து மங்கலாக்கியிருந்தார்கள். மாமி தன் பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டு போய்க் கோட்டில் நின்றார்.

முதல் பந்தே சொல்லிவிட்டது. சிவப்புப் பந்து எண்ணெயில் சோம்பலாக உருண்டு போனது. தவறிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில், ஏதோ ஞாபகம் வந்ததுபோல இடப்பக்கம் திரும்பி, சரியான இடுக்கில் நுழைந்தது. பத்தும் சாய்ந்தன. பக்கத்தில் நின்ற நல்லசிவம், "கடிச்சுட்டுல்லா!" என்று தொடையில் தட்டினார். மாமி சிரிக்கவில்லை. பந்து திரும்பி வந்ததும் துளையின் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

ஒவ்வொரு தடவையும் அப்படியே. உருட்டுவார்; பின்கள் விழும் சத்தத்துக்குப் பாதிக் காதுதான் கொடுப்பார்; பந்து வந்ததும் குனிந்து கோட்டைப் பார்ப்பார். மூன்று ஆட்டம் முடிந்தபோது சங்கரியைவிட நாற்பது பின் முன்னால் இருந்தார். சங்கரியின் பந்து சில நேரம் திரும்பியது, சில நேரம் மறுத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள்.

நான்காவது ஆட்டத்தின் கடைசிப் பந்து திரும்பி வந்தது. மாமி குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

நான் கிட்டே போனேன். மயிர்க்கோடு எழுத்தைக் கடந்து மறுபக்கம் வந்திருந்தது.

மாமி பந்தைக் காதருகே தூக்கித் தட்டினார். அங்கே இருந்த இரைச்சலில் என்ன கேட்டிருக்குமோ தெரியாது. "சத்தம் மாறிடுத்து" என்றார்.

அனந்தநாராயணன் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "இன்னும் ரெண்டே ரெண்டு ஆட்டம்தானே சுந்தரீ. அதுவரைக்கும் தாங்காதா? வேற யாரும் பாக்கல்லை" என்றார்.

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

"நாப்பதுக்கும் மேலே முன்னாலே இருக்கே."

"ஏன்னா, இது நடுவழியிலே ரெண்டாப் பொளந்ததுன்னா துண்டு அடுத்த தடத்துக்குத் தெறிக்கும். அங்கே ஒரு பொண்ணு ஆடிண்டிருக்கா."

நடுவர் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். மிக்ஸிக்கு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் எடுத்துக்கொண்டவர் இதற்கு ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்புப் பந்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். கூடவே கொண்டுவந்திருந்த பழைய பிளாஸ்டிக் பந்தைக் கையில் எடுத்தார்.

ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது கொடுமையாக இருந்தது. பந்து கடைசிவரை வளையாமல் நேராகவே போயிற்று. ஏழு விழுந்தது, ஆறு விழுந்தது. ஒரு தடவை மூன்று மட்டும் விழுந்தது. சேர்த்து வைத்த நாற்பது கரைந்துகொண்டே வந்தது. சங்கரியின் தடத்திலிருந்து பின்கள் மொத்தமாகச் சாயும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆடி ஆடித் தடத்தில் எண்ணெய் குறைந்ததும் அவளுடைய நீலப் பந்து பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அனந்தநாராயணன் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாய் அருகே எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

ஆறாவது ஆட்டத்தில் மாமி தன் ஆட்டத்தையே மாற்றினார். வளைய மாட்டேன் என்கிற பந்தை வளைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டார். தடத்தின் ஓரத்துக்குப் போய் நின்று, குறுக்காக, வேகத்தைப் பாதியாகக் குறைத்து உருட்டினார். பந்து நடந்துபோவதுபோலப் போயிற்று. எட்டு விழுந்தது. மீதி இரண்டை அடுத்த பந்தில் எடுத்தார். அடுத்த முறை ஒன்பது. மூலையில் தனியே நின்ற பின்னை நேரான பந்தால் தட்டினார். ஒன்றிரண்டு நிற்பதைத் தட்டிவிட நேராகப் போகிற பந்துதான் வசதி. மளமளவென்று இல்லை, ஒவ்வொன்றாக, பிடுங்கி எடுப்பதுபோல எடுத்தார். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

மாமி முதலில் முடித்தார். பலகையில் கணக்கு எரிந்தது. சங்கரிக்குக் கடைசி வாய்ப்பு பாக்கி இருந்தது. அவள் முந்த வேண்டுமானால் இரண்டு பந்துக்குள் பத்தையும் சாய்த்தே ஆக வேண்டும்.

அவள் உருட்டினாள். ஒன்பது விழுந்தது. வலது கோடியில் ஒற்றைப் பின் மட்டும் ஆடிவிட்டு நின்றுவிட்டது.

சங்கரி தன் பந்து திரும்பி வரும்வரை யாரையும் பார்க்கவில்லை. மாமி நெஞ்சோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வேண்டிக்கொண்டாரா, என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுத விரும்பவில்லை.

நீலப் பந்து விளிம்பை ஒட்டியே போயிற்று. இன்னும் ஒரு விரற்கடை விலகினால் கால்வாய்தான். விலகவில்லை. பின்னின் தோளில் உரசியது. பின் சாய்ந்தது. கடைசி வாய்ப்பில் பத்தும் சாய்ந்தால் கிடைக்கிற உபரிப் பந்திலும் அவள் சில பின்களை எடுத்தாள். ஆக மொத்தம் மூன்று பின் வித்தியாசத்தில் ஐந்தாவது இடம் சங்கரிக்கு. மாமி ஆறாவது. அணியில் யாராவது நோயில் விழுந்தால்தான் ஆறாவது ஆளுக்கு அழைப்பு வரும்.

நல்லசிவம் மாமியிடம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கோ ஒண்ணும் சொல்லாதேங்கோ. பந்து நல்ல பந்துதான். நான் தேடினது அதைத்தான். நாலு ஆட்டம் அது நன்னா ஓடித்து" என்றார் மாமி. அனந்தநாராயணன் இரண்டு பைகளையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார்.

சங்கரியைச் சுற்றி நின்றவர்கள் கை கொடுத்துவிட்டு மெல்லக் கலைந்தார்கள். அவள் பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தாள். பிடிப்புக்காக அவள் கட்டைவிரலில் சுற்றியிருந்த டேப், விரல் வீங்கியதால் சதைக்குள் இறுகிப் பதிந்திருந்தது. அதைப் பிரிக்க முயன்றாள். நுனி அகப்படவில்லை. கதவை நோக்கிப் போன மாமி திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமி" என்றாள் சங்கரி, தலையைத் தூக்காமல். "அன்னைக்கு நீங்க சிவம் அண்ணன்கிட்ட பறஞ்சத நான் கேட்டுட்டேன். மினுக்கத்த எடுத்தா பிடிக்கும்னு. அதக் கேட்டுத்தான் தேய்ச்சேன். உங்ககிட்ட சொல்லல."

மாமி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து, தோல் உரிந்துவிடாமல், ஒவ்வொரு சுற்றாக, மிக மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினார். அவள் முகம் சுளிக்கும்போதெல்லாம் நிறுத்தி, அந்த விரலில் ஊதினார்.